வேட்டுச் சத்தம் இல்லாமல் போனவனுக்கு

தம்பி,

இன்று காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் டவுன் பஸ், காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. யாரையோ பாடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். வெடிப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதையெல்லாம் எப்பத்தான் நிறுத்துவாங்களோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தலையாட்டினேனே தவிர மூக்கை மூடவில்லை. மூச்சை நன்றாக இழுத்தேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிய பிறகும் அந்த வாசனை போகவில்லை. கழற்றிய புடவையை நனைக்க மனம் வராமல் நாற்காலியில் போட்டுவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் பிடித்த வாசனை அது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் உறையூரில் உன் வீட்டுத் தெருவில் பேப்பர்க் குப்பைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துவிட்டு வருவாய். "எல்லாம் வெடிச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற வாசனைக்கா. இனிமே ஒண்ணும் வெடிக்காதுன்னு அர்த்தம்" என்பாய். தீபாவளி அன்றைக்கு நீ எங்கே இருப்பாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னலெல்லாம் சாத்தி, காதில் பஞ்சு அடைத்து, உள்ளறையில் ஏதாவது ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன், தலை நரைத்தவன், உனக்கு ஒரு ஓலைப் பட்டாசுக்கே தூக்கிவாரிப் போடும். அப்படிப்பட்டவன் வாழ்நாள் முழுக்கப் படித்தது எதைப் பற்றி? துப்பாக்கியைப் பற்றி! சொன்னால் யார் நம்புவார்கள்?

துப்பாக்கி என்றால் இன்றைக்கு போலீஸ்காரர் தோளில் தொங்குகிறது இல்லை. ஐரோப்பாவில், இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரர்கள் இன்னும் தங்களை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், முதன்முதலாக மனிதன் கையில் பிடித்த துப்பாக்கி. ஒரு நீளக் கம்பு, அதன் முனையில் ஒரு கட்டைக் குழாய், இரும்போ வெண்கலமோ. குழாயின் மேல் ஒரு சின்னத் துளை. உள்ளே கருமருந்தைத் திணித்து, குண்டைப் போட்டு, துளையில் நெருப்பை வைக்க வேண்டும். விசை கிடையாது, குறி பார்க்க ஒன்றும் கிடையாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் சாம்பாரிலிருந்து முருங்கைக்காயை எடுத்துக் கக்கத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவாய். "இப்படி இடுக்கிக்கணும்க்கா. இந்தக் கை கம்பைப் புடிச்சிருக்கும். அந்தக் கையில கனல் திரி." சட்டையில் சாம்பார் சொட்டும். "சாப்பிடுற நேரத்துல சண்டை வேண்டாம், காயைக் கடிச்சுத் துப்பு" என்பேன்.

உனக்கு அதைப் பற்றி எல்லாமே அதிசயம். எவ்வளவு தூரம் சுடும், கவசத்தைத் துளைக்குமா என்றுதான் மாணவர்கள் கேட்பார்களாம். உனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "புடிச்சிருக்கிறவனுக்கு என்ன ஆகும்னு ஒருத்தன் கேக்க மாட்டேங்கிறான்" என்று குறைப்பட்டுக்கொள்வாய். நெருப்பு சரியாகத் துளையில் விழ வேண்டுமானால் கண் துளையின் மேல் இருக்க வேண்டும். அப்படியானால் எதிரே யார் வருகிறான் என்று சுடுகிறவன் பார்க்க முடியாது. வைத்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இமை பொசுங்கிவிடும். சில நேரம் குழாயே வெடித்துப் பிடித்தவனைக் கொன்றுவிடும். மழை வந்தால் மருந்து நமுத்துப்போகும், திரி அணையும், அப்புறம் கையில் இருப்பது வெறும் தடி. இத்தனை சங்கடத்தோடு எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒருநாள் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்.

"சத்தத்துக்குத்தான்க்கா. அதுவரைக்கும் மனுசன் கையிலேருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்ல. குதிரை மிரண்டு ஓடும். ஆளும் ஓடுவான். குண்டு பட்டுச் செத்தவனை விட பயந்து செதறுனவன்தான் அதிகமா இருந்திருக்கணும்னு எனக்குத் தோணுது."

பொகீமியா என்ற தேசத்தில் குடியானவர்கள் மாட்டுவண்டி மாதிரி பெரிய வண்டிகளை வரிசையாகக் கட்டிக் கோட்டை போல நிறுத்தி, அதன் இடுக்குகளில் இந்தக் குழாய்களை வைத்துச் சுட்டு, கவசக்காரப் பிரபுக்களை விரட்டினார்கள் என்று சொல்வாய். அவர்களும் நம்மைப் போல உழுது பிழைத்தவர்கள்தான் என்று சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை வரும். உடனே போய்விடும். செத்த பிரபுக்களின் பெயர் இருக்கிறது, குழாயைப் பிடித்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை என்று அடுத்த வாய்ச் சோற்றுக்குள் வருத்தப்பட ஆரம்பித்துவிடுவாய். உன்னோடு ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை. இப்போது நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். நன்றாகவே இல்லை.

பயந்த ஒன்றை ஏன் இப்படித் துரத்திப் படிக்கிறாய் என்று கேட்டதற்கு, "கிட்டப் போகத்தான் முடியாது, படிக்கவாவது படிக்கலாம்ல" என்றாய். எனக்கு அது புரிந்தது. டெலிபோன் ஆபீசில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊர் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குச் சத்தம் சோறு போட்டது. உனக்கு அது எமன். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இப்படி ஒரு வித்தியாசம்.

அந்தக் குழாயைச் செய்துகொண்ட கதை நினைவிருக்கிறதா? மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று லேத் பட்டறையில் ஒரு மாதிரி செய்யச் சொன்னாய். மேல் துளை மட்டும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். பட்டறைக்காரர், "தொளை இல்லாம எப்படி சார் வெடிக்கும்?" என்று கேட்டார். "வெடிக்கக் கூடாதுன்னுதாங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். கம்பில் பொருத்தி, துணி சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கேட்டார்.

"என்ன சார் அது? லக்கேஜ் போடணும்."

"துப்பாக்கிங்க" என்று நீ மரியாதையாகப் பதில் சொன்னாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஊதாங்குழல்ங்க. வெறகடுப்புக்கு" என்றேன் நான்.

"இம்மாம் பெரிய ஊதாங்குழலாம்மா?"

"பெரிய குடும்பங்க."

உறையூர் வரும்வரை நீ என்னோடு பேசவில்லை. இறங்கியதும் நடுத்தெருவில் நின்று சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். உனக்குப் பிறகு அந்தக் குழாயைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

இந்தச் சிரிப்பெல்லாம் எழுதினால் சொல்ல வந்ததைத் தள்ளிப்போடலாம் என்று பார்க்கிறேன். உன்னிடம் எதை மறைப்பது?

ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டு உன்னைக் கொஞ்சம் சாய்த்து உட்கார வைத்திருந்த ஒரு மத்தியானம். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கேட்டாய்:

"ஊருக்குத்தானக்கா கொண்டு போவீங்க?"

"வாயைக் கழுவுடா."

"லால்குடி பக்கம்தான். அப்பா அம்மா பக்கத்துல. அது சரி. வேட்டு மட்டும் வேண்டாம்னு சொல்லிடு."

நம் ஊரில் வேட்டு இல்லாமல் யாரும் போனதில்லை. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, தரையில் ஊன்றி, திரி வைப்பார்கள். வயல்வெளி முழுக்க அதிரும். நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"பயமா இருக்குக்கா" என்றாய். அறுபதைத் தாண்டிய ஆள், சின்னப் பிள்ளை போல. "செத்தா ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தச் சத்தத்துல நான் படுத்துக் கெடக்கிறதை நெனச்சா இப்பவே ஒடம்பு ஒதறுது. யார்கிட்டயும் சொல்லாத. சிரிப்பாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். வேட்டும் இருக்காது என்றேன். ஆரஞ்சுச் சுளையை உன் வாயில் வைத்தேன், நீ சப்பிவிட்டுத் துப்பிவிட்டாய். இவ்வளவுதான் நீ என்னிடம் கேட்டது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன், வீடு வாசல் என்று எதையும் சேர்க்காதவன். உனக்காகச் செய்ய எனக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோன அன்று நாங்கள் போவதற்கு முன்பே தங்கராசு எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். சித்தப்பா மகன், உனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அதுதான் தொல்லை.

"வேட்டு வேண்டாம் தங்கராசு" என்றேன்.

"என்னக்கா சொல்றீங்க? காலம் பூரா துப்பாக்கி, வெடிமருந்துன்னு பாடம் எடுத்த மனுசன். அவருக்கு நாம ஒரு பங்கு கூடவே போடணும்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"அவனே வேண்டாம்னு சொன்னான்."

"ஏனாம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முற்றம் முழுக்க ஆட்கள். உன்னிடம் படித்தவர்கள் வேனில் வந்து மாலையோடு நிற்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றி நீ நடத்திய வகுப்பை ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவர்கள் நடுவில் நின்று, உங்கள் சார் வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவார் என்று எப்படிச் சொல்வேன்?

"சொன்னான். அவ்வளவுதான்" என்றேன்.

"அநாதையாட்டம் சத்தமில்லாம எடுக்கச் சொல்றீங்களா? ஊருல நாளைக்கு என்னைத்தானக்கா கேப்பாங்க? கொள்ளி வைக்கப் போறவன் நான். துக்கத்துல நீங்க எதையோ பேசுறீங்க. போய் உள்ள உக்காருங்க."

நான் உட்காரவில்லை. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. வேட்டு போட்டால் பாடைக்கு முன்னால் படுத்துவிடுவேன் என்று கத்தினேன். நான்கு பெண்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், தாங்க முடியாமல் பேசுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் கையை உதறிவிட்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கே வேட்டுக்காரர் முருகேசன் குழாய்களை மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், திருவிழாவானாலும் சாவானாலும் நம் ஊருக்கு வேட்டு போடுகிறவர். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்படியும் கை மட்டும் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"முருகேசா, வேட்டு வேண்டாம்ப்பா. காரணம் கேக்காத."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அவனுக்கு ஆகாதுன்னு. திருவிழாவுக்கு வர்றப்பல்லாம் திரி வைக்கிறதுக்கு முன்னால நான் அவனைத் தேடிப் பாத்துக் கண்ணைக் காட்டிருவேன். போன்ல பேசற மாதிரி உள்ள போயிருவான். முடிஞ்சதும் வருவான். நாங்க அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லீங்க. இன்னிக்கி யாருக்குக் கண்ணைக் காட்டுறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே ஊனிக்கிட்டு இருக்கேன்."

திருவிழாவில் ஒவ்வொரு தடவையும் வேட்டுக்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால் உனக்குப் போன் வருவது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. உன் ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் கர்வப்பட்டிருக்கிறேன்.

முருகேசன் எழுந்து தங்கராசுவிடம் போனார். எல்லாருக்கும் கேட்கும்படி, "மருந்து நமுத்துப்போச்சுங்க. தீ பத்தாது" என்றார்.

தங்கராசு வெடித்தான். "எத்தனை வருசமா போடறே? இன்னிக்கிப் பாத்தா நமுத்துப்போச்சு? மருந்தைக் காயவெச்சு வெச்சுக்கத் தெரியாத நீயெல்லாம் வேட்டுக்காரனா?"

யாரோ சிரித்தார்கள். முருகேசனுக்கு நம் ஊரில் இருக்கிற பேர் அந்த வேட்டு ஒன்றுதான். அதையும் அன்றைக்கு நடுமுற்றத்தில் போட்டு உடைத்துவிட்டுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லால்குடிக்கு ஆள் அனுப்பிச் சரவெடியாவது வாங்கலாம் என்று தங்கராசு சொல்ல, அதற்குள் எமகண்டம் வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சங்கும் சேகண்டியும் போதும் என்று முடிவாயிற்று.

உன்னைத் தூக்கும்போது முருகேசன் பாடைப் பக்கம் வந்தார். வேட்டு போடுகிறவர் எப்போதும் பாடைக்கு வெகு தூரம் முன்னால் போய்விடுவார். மருந்துக் கையோடு கிட்டே வரக்கூடாது. அவருடைய அப்பா அம்மாவுக்குக்கூட அவர் முன்னால்தான் போனாராம். அன்றைக்குக் கை காலியாக இருந்தது. இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்து தோளைக் கொடுத்தார். உன் தலைமாட்டில், இடது பக்கம்.

தெருமுனையோடு நாங்கள் நின்றுவிட்டோம். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. உன்னைத் திருப்பினார்கள். வாழைத்தோப்பு மறைத்துவிட்டது. சங்கு கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

பிறகுதான் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. உனக்கு இது தெரிந்திருக்காது தம்பி. நீ எப்போதும் ஆண்களோடு போய்விடுகிறவன், காதைப் பொத்திக்கொண்டாவது. எங்களுக்கு வேட்டுதான் வழி சொல்லும். அப்பாவை எடுத்தபோது ஒரு சத்தம் கேட்டது, வாய்க்கால் பாலம் தாண்டுகிறார் என்று அம்மா சொன்னாள். அடுத்தது கேட்டதும் களத்துமேடு என்றாள். கடைசியாக ஒன்று கேட்டது. கொள்ளி வைத்துவிட்டார்கள் என்று சொல்லித் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்க்க நடந்தாள். அம்மாவுக்கும் நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டே நின்றேன். பாலம் வரைக்கும், களத்துமேடு வரைக்கும், நெருப்பு வரைக்கும் நான் அவள் கூடவே போனேன். கடைசி வேட்டு கேட்ட பிறகுதான் பெண்கள் குளிக்கப் போக வேண்டும்.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பாலம் தாண்டியிருப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "இன்னும் இருக்காது" என்றாள் இன்னொருத்தி. வெயில் ஏறியது. நாற்றங்காலில் கொக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி என் கையைத் தொட்டு, "போலாங்க, வெச்சிருப்பாங்க" என்றாள். "வெச்சிருக்க மாட்டாங்க, நில்லு" என்றேன். இன்னும் உன்னைப் பாலத்தில் வைத்துத் தோள் மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அழக்கூட இல்லை. அழுதால் ஏதாவது கேட்காமல் போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

வாழைத்தோப்புப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தலை ஈரமாக இருந்தது. முருகேசன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "அக்கா" என்றார்.

நீ எரிந்துகொண்டிருந்தபோது நான் உன்னைப் பாலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. அப்பா எதுவரை போனார் என்று எனக்குத் தெரியும். அம்மா போனதும் தெரியும். நீ வாழைத்தோப்பில் திரும்பியது வரைக்கும்தான் தெரியும். நீ மறுபடியும் கேட்டாலும் இதையேதான் செய்வேன். நீ பயந்துகொண்டு போகக் கூடாது, அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் சமைக்கும்போதும் படுக்கும்போதும் கோயிலில் வரிசையில் நிற்கும்போதும், காது தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் காத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர என்னால் முடியவில்லை.

உனக்கு ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கேட்கவில்லை.

அக்கா